ஒரு மூட்டைக்கு எத்தனை கல்? மண்கல் வீட்டில் மூன்று ஆண்டுகள்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தின் செம்மண் நிலத்தில் 900 சதுர அடியில் நாங்கள் கட்டிய வீட்டின் சுவர்கள் அனைத்தும் சூளையைக் காணாத கற்களால் எழுந்தவை. மண்ணோடு 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் வைத்து அழுத்தி, நான்கு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்தி எடுக்கும் இந்தக் கல்லைப் பொறியாளர்கள் ‘அழுத்தி உறுதிப்படுத்திய மண்கல்’ என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ‘மண் பிளாக்’ என்றால்தான் விளங்கும். 2023ஆம் ஆண்டுப் பொங்கலை இந்த வீட்டில்தான் வைத்தோம். மூன்று வடகிழக்குப் பருவமழையும் மூன்று கத்திரி வெயிலும் இந்தச் சுவர்களின் மேல் கடந்து போய்விட்டன. ஆகவே இப்பொருளைப் பற்றி விளம்பரத்தின் சொற்களாலோ அச்சத்தின் சொற்களாலோ அல்லாமல், புழங்கிப் பார்த்தவரின் சொற்களால் ஒரு மதிப்புரை எழுத முடியும் என்று நம்புகிறேன்.

நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் சுட்ட சுண்ணாம்பும் கரியமில வாயுவும் கிடைக்கும் என்ற சமன்பாட்டை எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த ஒற்றை வரிச் சமன்பாடுதான் உலகின் சிமெண்ட் ஆலைகள் அனைத்திலும், 1,450 பாகை வரை சூடேறும் சூளைகளில், இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கிறது. சிமெண்ட் உற்பத்தியில் வெளியேறும் கரியமில வாயுவில் பாதிக்கும் மேற்பட்டது எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. எனவே சூளையைச் சூரிய ஆற்றலால் சூடாக்கினாலும் அந்தப் பங்கு குறையாது. மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுக்கு மட்டுமே உரியது. செங்கல்லின் கதை வேறு: அதில் மண் எதையும் உமிழ்வதில்லை, அதைச் சுடும் நிலக்கரியும் விறகும் உமிழ்கின்றன. இந்த இரண்டையும் எவ்வளவு குறைத்து ஒரு வீட்டைக் கட்ட முடியும் என்பதே எங்கள் கேள்வியாக இருந்தது.

மண்கல் புதிய கண்டுபிடிப்பு அன்று. 1950களில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் ரவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய கைநெம்பு இயந்திரம்தான் இந்தத் தொழிலின் தாய். இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கப்பட்ட ‘அஸ்த்ரா’ என்ற ஊரகத் தொழில்நுட்ப மையமும், பின்னர் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டும் இதை நம் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்பச் செப்பம் செய்தன. ஆரோவில்லின் பார்வையாளர் மையம் இந்தக் கற்களால் கட்டப்பட்டது. அந்தக் கட்டடம் 1992இல் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரிலான விருதைப் பெற்றது. எங்கள் ஊரிலிருந்து மிதிவண்டியில் போய்வரும் தொலைவில் இப்படியொரு கட்டடம் இத்தனை ஆண்டுகளாக மழையில் நின்றுகொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்திருந்ததால்தான், உறவினர்களின் எச்சரிக்கைகளை மீறி நாங்கள் இந்த முடிவை எடுக்க முடிந்தது.

கற்களை வாங்காமல் மனையிலேயே செய்வது என்று முடிவு செய்தோம். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது மண். மேல்மண்ணை ஒன்றரை அடி ஆழத்துக்கு வழித்துத் தோட்டத்துக்கென்று ஒதுக்கி வைத்தோம். ஏனெனில் அதிலுள்ள மக்கும் பொருள் சிமெண்டை இறுகவிடாது. அதற்குக் கீழே வந்த செம்மண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி நிரப்பி, நீரும் சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்தால், பருமணல் அடியிலும் அதன்மேல் நுண்மணலும் வண்டலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்துவிடும். சிமெண்ட் சேர்த்துச் செய்யும் கல்லுக்குக் குருணைக்கல் 15, மணல் 50, வண்டல் 15, களி 20 என்ற விகிதம் நல்லது என்று ஆரோவில் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். எங்கள் மண்ணில் களி சற்று மிகுந்திருந்ததால் ஐந்து சட்டி மண்ணுக்கு ஒரு சட்டி எம்-சாண்ட் சேர்க்க வேண்டியிருந்தது. இந்தப் புட்டிச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் பின்னால் எத்தனை மூட்டை சிமெண்ட் தேவைப்படும் என்பது பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. மண்ணின் சேர்மானம் சரியாக இருந்தால் சிமெண்ட் குறைவாகப் போதும், சரியில்லாத மண்ணைச் சரிக்கட்டுவதற்குத்தான் சிமெண்டை அள்ளிப் போட நேர்கிறது.

சலித்த மண்ணையும் சிமெண்டையும் முதலில் உலர்ந்த நிலையிலேயே நிறம் ஒன்றாகும்வரை புரட்டிவிட்டு, பிறகு பூவாளியால் நீர் தெளித்துக் கலக்க வேண்டும். ஈரம் போதுமா என்பதை அறியக் கைப்பிடி அளவு எடுத்து உருண்டையாகப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டோம். உருண்டை நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. பொடிப்பொடியாகச் சிதறினால் நீர் போதாது. அப்படியே சப்பிக்கொண்டு கிடந்தால் நீர் மிகுதி. கலந்ததை அரை மணி நேரத்துக்குள் அழுத்திவிட வேண்டும் என்பதால், ஒரு தடவைக்கு ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டும் வழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிட்டு, அளவுச் சட்டியால் கொஞ்சங்கொஞ்சமாகக் கலக்கும் முறைக்கு மாறினோம். ஆரோவில்லில் வடிவமைக்கப்பட்ட ‘ஆரம்’ வகைக் கை இயந்திரத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். மின்சாரமோ டீசலோ இல்லாமல், நீண்ட நெம்புகோலை இருவர் இழுத்து அழுத்தும் இயந்திரம் அது. எட்டுப் பேர் கொண்ட குழு நாளொன்றுக்கு 500 கல் வரை செய்தது. 24 சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், 9 சென்டிமீட்டர் உயரம். ஒரு கல் ஏறத்தாழ 10 கிலோ எடை. அப்படியானால் ஒரு கல்லில் அரைக் கிலோ சிமெண்ட். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு நூறு கல். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இந்த மதிப்புரையில் நான் சொல்ல விரும்புவது அனைத்தும் இந்த எண்ணைச் சுற்றியே இருக்கிறது.

அழுத்திய கல்லை முதல் இரண்டு நாள் தார்ப்பாயால் மூடி ஈரம் போகாமல் வைத்து, பிறகு நெருக்கமாக அடுக்கி, 28 நாள்வரை தினமும் நீர் தெளித்தோம். 6,000 கல் செய்வதற்குப் பன்னிரண்டு வேலை நாள்கள் ஆயின. ஆனால் கடைசிக் கல்லுக்கும் சேர்த்து நீர் தெளித்து முடிய அதற்குப் பிறகும் நான்கு வாரம் காத்திருக்க நேர்ந்தது. வீடு கட்டுபவர்களுக்கு இந்தக் காத்திருப்பு எளிதன்று. வாடகை வீட்டின் மாதக் கணக்கும், கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவாரோ என்ற கவலையும் சேர்ந்துகொள்கின்றன. பாதியிலேயே எடுத்துக் கட்டிவிடலாம் என்று எனக்கும் ஒரு வாரம் தோன்றியது உண்மை. என் மனைவிதான் கூடாது என்று உறுதியாக நின்றார்.

28 நாள் முடிந்ததும் ஐந்து கற்களை ஒரு பாலிடெக்னிக் ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுத்தோம். ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்த நிலையில் சராசரியாகச் சதுர சென்டிமீட்டருக்கு 27 கிலோ சுமையும், உலர்ந்த நிலையில் அதைப்போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவான சுமையும் தாங்கின. ஒற்றைத் தள வீட்டின் பளுவைத் தாங்கும் சுவருக்கு இது தாராளமாகப் போதும் என்று எங்கள் பொறியாளர் கையெழுத்திட்டார். மண்கல்லுக்கென்றே ஐஎஸ் 1725 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. வரைபட ஒப்புதலுக்கோ வங்கிக் கடனுக்கோ போகும்போது அந்த எண்ணையும் ஆய்வக அறிக்கையையும் கையில் வைத்திருந்தால் பாதி விவாதம் குறைந்துவிடும். ஊறிய நிலையின் எண்ணைக் கேட்பதே முக்கியம். உலர்ந்த நிலையின் எண்ணை மட்டும் காட்டும் விற்பனையாளரிடம் மழைக்காலத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்.

கட்டும் வேலையில் இரண்டு மாற்றங்கள் தேவைப்பட்டன. மண்கல்லின் முகம் வழவழப்பாகவும் அளவு சீராகவும் இருப்பதால், கலவையைத் தாராளமாக வைத்து மட்டம் சரிசெய்யும் பழக்கம் இங்கே உதவாது. ஒரு சென்டிமீட்டர் கலவைதான் வைக்க வேண்டும், ஒவ்வொரு வரிசையிலும் ரசமட்டம் பார்க்க வேண்டும். எங்கள் மேஸ்திரி முதல் மூன்று வரிசைகளைப் பிரித்துக் கட்டினார். “சார், பூச்சு வேலை வந்தா எல்லாம் மறைஞ்சிடும், இதுல ஒண்ணும் மறைக்க முடியாது” என்று அவர் சொன்னது மிகச் சரியான கணிப்பு. மின்குழாய்களுக்காகக் கட்டி முடித்த சுவரில் காடி வெட்டுவதும் கூடாது. எந்தச் சுவரில் எந்த சுவிட்ச் என்பதைக் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்து, கற்களின் இடையே குழாயை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சமையலறையில் ஓரிடத்தை மறந்துவிட்டு வெட்டியதில் இரண்டு கற்கள் விரிந்துபோயின. அவற்றை மாற்றுவதற்கு ஒரு நாள் ஆயிற்று.

குளியலறைகளையும் சமையல் மேடையின் பின்சுவரையும் தவிர வேறெங்கும் பூச்சு இல்லை. வெளிச்சுவரின் கல் முகமும் உள்சுவரின் கல் முகமும் அப்படியே தெரிகின்றன. ‘சூழலுக்கு நல்லது’ என்று சொல்லி மண்கல்லை வாங்கிவிட்டு, அழகுக்காக இருபுறமும் அரை அங்குலச் சிமெண்ட் பூச்சு பூசுகிறவர்களை இரண்டு இடங்களில் பார்த்தேன். கல்லில் மிச்சப்படுத்திய சிமெண்டில் பெரும்பகுதி அந்தப் பூச்சில் திரும்பிப் போய்விடுகிறது. பூசித்தான் ஆக வேண்டும் என்றால் சுண்ணாம்பும் மண்ணும் கலந்த பூச்சுக்கு ஆள் தேடுவதே முறை.

சோதனை 2024 நவம்பர் 30 அன்று வந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்து, நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. எங்களுக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டரை ஒட்டிய மழை பதிவாயிற்று. தாழ்வாரத்தில் முழங்கால் அளவு நீர் நின்றது. வடகிழக்குச் சுவரின் மீது இரவு முழுவதும் மழை சாய்ந்து அடித்தது. கருங்கல் கட்டிய கடைக்கால் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் எழும்பியிருந்ததாலும், கூரையைச் சுவருக்கு வெளியே மூன்றடி நீட்டியிருந்ததாலும் நாங்கள் தப்பினோம் என்பதே உண்மை. நீர் வடிந்த பிறகு சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். வடகிழக்கு மூலையில், மழைநீர்க் குழாயொன்று உடைந்து நேராகச் சுவரில் கொட்டிய இடத்தில் மட்டும், ஆறேழு கற்களின் மேற்பரப்பு விரல் நுனி ஆழத்துக்கு அரித்திருந்தது. மற்ற இடங்களில் நிறம் கறுத்து, ஒரு வாரத்தில் காய்ந்து பழைய நிறத்துக்குத் திரும்பியது. உள்ளே ஈரக்கசிவு இல்லை. மண்சுவர் கரைந்துவிடும் என்ற அச்சத்துக்கு இதைவிடக் கடுமையான பதில் எனக்குத் தேவைப்படவில்லை. அதேசமயம், உயர்ந்த கடைக்காலும் நீண்ட கூரையும் இல்லாத வீட்டுக்கு இந்தக் கல்லை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே புயலில் எங்கள் மதிற்சுவர் வேறு விதமாக நடந்துகொண்டது. வீட்டு வேலை முடிந்த களைப்பில், மதிலுக்கு மட்டும் 800 கற்களைச் ‘சூழலுக்கு உகந்த பசுமைக் கல்’ என்று எழுதி வைத்திருந்த ஒரு களத்திலிருந்து விலைக்கு வாங்கியிருந்தோம். அந்தக் களத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அவை பார்வைக்கு எங்கள் கற்களைவிடக் கூர்மையான விளிம்புடன், ஒரே சீரான நிறத்தில் இருந்தன. இறக்கும்போதே நூற்றுக்கு ஆறேழு மூலை உடைந்தன. புயலுக்குப் பிறகு அடிவரிசைகளில் பல கற்கள் ஏடு ஏடாக உரிந்தன. எனக்கு வியப்பாக இருந்தது, ஏனெனில் கல்லை இறக்க வந்த தொழிலாளி, மூட்டைக்கு ஐம்பது கல் போடுவதாகப் பெருமையோடு சொல்லியிருந்தார். அதாவது எங்கள் கல்லைப்போல் இரண்டு மடங்கு சிமெண்ட். இரண்டு மடங்கு சிமெண்ட் போட்ட கல் ஏன் உரிகிறது?

பின்னர் அந்தக் களத்துக்கே போய்ப் பார்த்தபோது காரணம் விளங்கியது. எங்கிருந்தெல்லாமோ வரும் மண்ணை எந்தச் சோதனையும் இல்லாமல் ஒரே குவியலில் கொட்டியிருந்தார்கள்; களி மிகுந்த மண்ணும் சரளை மண்ணும் கலந்து கிடந்தன. அழுத்திய கற்களை வெட்டவெளியில் வெயிலில் காயவைத்து, நாலைந்து நாளில் வண்டியில் ஏற்றினார்கள். சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு வேதிவினை புரிவதால் இறுகுகிறது. நீர் ஆவியாகிவிட்டால் அந்த வினை பாதியில் நின்றுவிடும். நீர் தெளிக்காத அந்தக் கல்லில், போட்ட சிமெண்டின் ஒரு பகுதி வெறும் தூளாகவே கிடக்கிறது. அந்தப் பலவீனத்தை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் சிமெண்ட், அதையும் ஈடுகட்ட மேலும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். நேரம் மிச்சமாகிறது, மூட்டை கூடுகிறது. கரியமில வாயுவின் கணக்கில் நான்கு வாரத்துப் பொறுமையின் இடத்தைச் சிமெண்ட் பிடித்துக்கொள்கிறது. பசுமைக் கல் என்ற பெயரில் விற்கப்படுவது இதுவென்றால் எனக்கு மிகுந்த வருத்தம்தான். ஏனெனில் நல்லெண்ணத்தோடு வாங்க வருபவரின் பணமும் நம்பிக்கையும் ஒருசேர வீணாகின்றன.

எவ்வளவு வித்தியாசம் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். நூறு சதுர அடிச் சுவருக்கு எங்கள் அளவுக் கல் 370 வேண்டும். மூட்டைக்கு நூறு கல் என்றால் அதில் செல்வது நாலு மூட்டைக்கும் சற்றுக் குறைவு; மூட்டைக்கு ஐம்பது கல் என்றால் ஏழரை மூட்டை. அதே நூறு சதுர அடி 9 அங்குலச் சுவரைச் செங்கல்லில் கட்ட ஏறத்தாழ 1,000 கல் தேவை. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பி. வி. வெங்கடராம ரெட்டியும் கே. எஸ். ஜெகதீஷும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சுட்ட செங்கல்லுக்குள் 4.25 மெகாஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது என்றும், 6 விழுக்காடு சிமெண்ட் கலந்த மண்கல் சுவருக்குச் செங்கல் சுவரின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செலவாகிறது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தப் பெரிய நன்மை, கல் சுடப்படாததால் மட்டும் வந்தது அன்று. சிமெண்டும் அளவோடு இருப்பதால் வந்தது. மண்கல்லின் கரிச்சுமையில் ஏறக்குறைய அனைத்தும் சிமெண்டிலிருந்தே வருகிறது என்பதால், சிமெண்டை இரட்டித்தால் சுமையும் அப்படியே இரட்டித்துவிடும். அதோடு சிமெண்டுக்கு ஆற்றல் கணக்கு மட்டும் போதாது. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வெளியேறும் வாயுவையும் சேர்த்தால் செங்கல்லுக்கும் அதற்குமான இடைவெளி இன்னும் சுருங்கும்.

ஆகவே மண்கல் வாங்கச் செல்பவர் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, மூட்டைக்கு எத்தனை கல் என்பது. அடுத்தது, எத்தனை நாள் நீர் தெளிக்கிறீர்கள் என்பது. விடை திருப்தியாக இருந்தாலும் ஒரு கல்லை வாங்கி வந்து ஒரு நாள் முழுதும் தொட்டியில் போட்டு, எடுத்த ஈரத்தோடு ஆணியால் கீறிப் பார்க்க வேண்டும். எங்கள் கல்லில் ஆணி மெல்லிய கோடு போட்டது. மதில் கல்லில் குழித்தது.

எந்தச் சிமெண்ட் என்பதும் இதில் சேரும். ஐஎஸ் 1489 தரத்தின்படி வரும் பிபிசி (போர்ட்லாண்ட் போசோலானா சிமெண்ட்) மூட்டையில் 15 முதல் 35 விழுக்காடு வரை அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கும். அந்த அளவுக்கு, சூளையில் சுட்டெடுக்கும் சிமெண்ட் கட்டியான கிளிங்கர் குறையும். நாங்கள் வீடு முழுவதற்கும் அதையே வாங்கினோம். தொடக்கத்தில் மெதுவாக இறுகும் என்பதால், நீர் தெளிக்கும் நாள்களில் கைவைக்காமல் இருப்பது இதற்கு இன்னும் முக்கியம். இரும்பாலைக் கசடு சேர்த்த சிமெண்டில், ஐஎஸ் 455 தரப்படி, கசடு 70 விழுக்காடு வரைகூட இருக்கலாம். எங்கள் ஊர்க் கடைகளில் கேட்டால் வரவழைத்துத் தருகிறார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள தொழில்நுட்பக் கழகமும் கியூபா நாட்டுப் பல்கலைக்கழகமும், சென்னை, டெல்லி உள்ளிட்ட நம் ஐஐடிகளும் சேர்ந்து உருவாக்கிய எல்சி3 சிமெண்டைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். அதில் கிளிங்கர் பாதிதான். மொத்தத்தில் 30 விழுக்காடு 700, 800 பாகையில் சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம். சுடாத சுண்ணாம்புக்கல்லிலிருந்து வாயு வெளியேறாது, களிமண்ணில் அது இருப்பதே இல்லை. இதற்கான இந்தியத் தர நிர்ணயமும் 2023இல் வந்துவிட்டது. மண்கல்லுக்குள் போகும் அந்த அரைக் கிலோவும் இதுவாக இருந்தால் நான் மேலே போட்ட கணக்கு இன்னும் இலகுவாகும்.

வெப்பத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கனமான சுவர் என்பதால் நண்பகலின் வெயில் உள்ளே வரத் தாமதமாகிறது. மே மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்னறையில் மின்விசிறி போதுமாக இருக்கிறது. ஆனால் பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் விடும் என்பதால், மாலை ஆனதும் எல்லாச் சன்னல்களையும் திறந்து கடற்காற்றை உள்ளே விட்டாக வேண்டும். சன்னலைத் திறக்க இயலாத நெருக்கடியான மனையில் இந்தச் சுகம் கிடைக்காது.

செலவு: மண் எங்களுடையது, தோண்டிய கூலி, எம்-சாண்ட், சிமெண்ட், எட்டுப் பேரின் கூலி, இயந்திர வாடகை, நீர் அனைத்தும் சேர்த்து 2022இல் ஒரு கல் 24 ரூபாய் ஆயிற்று. களத்தில் வாங்கிய கல், ஏற்றிறக்கு கூலியோடு 45 ரூபாய். செங்கல் சுவரோடு ஒப்பிட்டால் கல்லின் விலையில் எங்களுக்குப் பெரிய மிச்சம் இல்லை. மிச்சமெல்லாம் பூச்சும் வண்ணமும் இல்லாததால் வந்தவை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவர்க்கற்கள் அனைத்துக்கும் சேர்த்து 60 மூட்டை சிமெண்ட் ஆயிற்று. கூரைத் தளம் ஒன்றுக்கு மட்டும் 55 மூட்டை ஆயிற்று, கம்பி தனி. அதுவும் தளத்தின் அடிப்பகுதியில் பழைய சீமை ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்த பிறகு. வானளாவ ஆசைப்பட்டு மண்கல்லிலேயே வளைவுக் கூரை போட முடியுமா என்று பார்த்தோம். ஆரோவில்லில் அப்படிக் கட்டிய கூரைகள் உண்டு. அந்தப் பயிற்சி பெற்ற கொத்தனார்கள் நாங்கள் கேட்ட மாதங்களில் கிடைக்கவில்லை. சுவரை மட்டும் மாற்றிவிட்டு வீடே காலநிலைக்கு நல்லதாகிவிட்டது என்று நான் உரிமை கொண்டாட முடியாது. தளத்தின் கனத்தையும் வீட்டின் பரப்பையும் குறைப்பது, எந்தக் கல்லைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதற்கு நிகரான முடிவு. 1,200 சதுர அடி என்ற முதல் வரைபடத்தை 900ஆகக் குறைத்ததில்தான் எங்கள் சிமெண்ட் அதிகம் மிஞ்சியது என்று இப்போது தோன்றுகிறது.

மண் தோண்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். கோவையை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணை வெட்டி வெட்டி, ஓடைகளும் யானைகளின் வழிகளும் பள்ளமாகிப்போன பிறகு, மக்களின் நீண்ட போராட்டத்தால் 2021இல் அங்கே சூளைகள் மூடப்பட்டதைத் தமிழ்நாடு பார்த்தது. சுடாத கல்லுக்கும் மண் வேண்டும். பெரிய அளவில் வணிகமானால் அதே பள்ளம் வேறோர் ஊரில் விழும். எங்கள் மனையின் பின்புறம் நாங்கள் தோண்டிய குழி இப்போது கூரைநீர் சேரும் குளமாக இருக்கிறது. குழியின் அளவையும் பயனையும் முன்பே வரைபடத்தில் குறித்துவிட்டுத் தோண்டினோம். மண்ணை லாரியில் வரவழைக்கும் களத்தில் கல் வாங்குபவர், அந்த மண் எந்த ஏரியிலிருந்தோ எந்தக் குன்றிலிருந்தோ வருகிறது என்று கேட்பது அவருடைய உரிமை.

இனிக் குறைகள். சுவரில் ஆணி அடித்தால் கல் விரியும். துளைப்பானால்தான் துளையிட வேண்டும். வெளிச்சுவரில் குளவிகள் கலவை இடுக்குகளைத் தோண்டிக் கூடு கட்டுகின்றன. ஆண்டுக்கொரு முறை அடைக்கிறோம். கரையான் இதுவரை வரவில்லை. உட்சுவரைத் துடைத்தால் துணியில் மெல்லிய செம்மை ஒட்டுகிறது. சாய்ந்து அமரும் இடங்களில் ஆளி விதை எண்ணெய் பூசியபின் அது நின்றது. 10 கிலோ கல்லைத் தூக்கி வேலை செய்யும் சித்தாள்களுக்கு இது செங்கல்லைவிடக் கடினமான வேலை. நாங்கள் நடுவில் ஒரு நாள் அதிகம் ஓய்வு கொடுத்தோம், கூலியைக் குறைக்கவில்லை.

எங்கள் பகுதியைப் போல் செம்மண்ணோ சரளை கலந்த மண்ணோ உள்ள இடத்தில், தன் மனையிலேயே மண் எடுக்க முடிந்தவரும் இரண்டு மாதம் பொறுக்க முடிந்தவரும் இதைத் தயங்காமல் எடுக்கலாம். கரிசல் மண் பூமியில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அந்தக் களி நீர் பட்டால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். அதை அடக்க மணலும் சுண்ணாம்பும் சிமெண்டும் அளவு கடந்து போகும், மூட்டைக்கு நாற்பது கல்கூடத் தேறாமல் போகலாம். விருதுநகரிலோ கோவில்பட்டியிலோ வீடு கட்டும் நண்பர் கேட்டால், தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லை, அதற்கும் நீர் தெளித்த நாள்களைக் கேட்டறிந்து, வாங்கச் சொல்வேன். எங்கள் மதிலின் அடி நான்கு வரிசைகளை வரும் சித்திரையில் பிரித்து, வீட்டுக்குச் செய்து மிஞ்சிய 140 கற்களை அங்கே வைக்கப் போகிறோம். போதாத கற்களுக்கு இயந்திரத்தை மறுபடி வாடகைக்குச் சொல்லியாயிற்று.